தினமும் ஒரு படம்... அதே குளம்!

"சார், பேரன் கையில போனைக் குடுக்காதீங்கன்னு போன மாசம்தான் சத்தம் போட்டீங்க. இப்ப என்னைப் போனை எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லுதீங்க. இது என்ன வைத்தியம்?"

என் எதிரே உட்கார்ந்திருந்த அம்மா நிஜமாகவே கோபமாகத்தான் கேட்டார். வயது அறுபத்திரண்டு. கணவர் போய் ஒன்றரை வருஷம். மகள் வேலைக்குப் போவதால் பேரனைப் பகலில் இவர்தான் பார்த்துக்கொள்கிறார். ஷுகர் இருக்கிறது, மருந்தெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு தட்டினால் அவ்வளவுதான்! விடியும்வரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். 'வாக்கிங் போங்கம்மா' என்று ஆறு மாசமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "தனியா என்னத்த சார் நடக்க?" என்பார். அதுவும் நியாயம்தானே!

அதனால்தான் அன்று சீட்டில் சூரணத்துக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினேன். 'காலை ஆறரை மணி. வீட்டுக்குப் பக்கத்துக் குளம். ஒரே ஒரு படம். தினமும்.'

வாசகர்களே, நீங்களும் சிரிக்கலாம். சித்த வைத்தியர் வேர், பட்டை, கஷாயம் என்று எழுதாமல் போட்டோ எடுக்கச் சொல்கிறாரே என்று தோன்றும். இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. என் மேல் சோதித்துப் பார்த்த பிறகே சொல்கிறேன்.

2020-ஆம் வருஷம். ஊரடங்கில் வைத்தியசாலை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. அந்தப் புரட்டாசியில் என் அம்மா காலமானார். காரியத்துக்குப் பத்துப் பேர்கூட வரமுடியாத காலம் அது. அதன் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. அடுத்தவர்களுக்கு எழுதிக்கொடுக்கிற அமுக்கரா சூரணத்தை நானே பாலில் கலந்து குடித்தேன். தூக்கம் கொஞ்சம் வந்தது. ஆனால் மனசு வரவில்லை. நாடி பார்க்க விரலை வைத்தால், துடிப்பு விரலில் படும். நினைப்பு எங்கேயோ இருக்கும். ஒரு வைத்தியனுக்கு இதைவிடப் பயம் வேறென்ன?

கார்த்திகையில் ஒருநாள், புதிதாகத் தொழில் ஆரம்பித்திருந்த ஒரு தம்பி போன் பண்ணினான். "அண்ணாச்சி, நீர்முள்ளின்னு ஒரு செடியைக் கொண்டுவந்து குடுத்திருக்காங்க. இது அதுதானான்னு சந்தேகமா இருக்கு" என்றான். எங்கள் தெருவுக்குப் பின்னால் குளம். அதன் உள்வாயில் நீர்முள்ளி புதராக நிற்கும். இறங்கிப் போய், கணுவுக்குக் கணு இருக்கிற நீண்ட முள்ளும் ஊதாப் பூவும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பினேன். எடுத்து முடித்து நிமிர்ந்தால்... தண்ணீரின் மேல் மெல்லிய பனி. அதற்கு அப்பால், மழை கழுவிவிட்ட வானத்தின் அடியில், மேற்கே பொதிகை மலை வரிசை. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மூச்சை முழுசாக இழுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். மறுநாளும் போனேன். படம் எடுக்க ஒரு சாக்கு வேண்டுமே என்று போனேன் என்றுதான் சொல்லவேண்டும்.

குளத்தின் பெயரைக் கேட்காதீர்கள். பாளையங்கால்வாய்த் தண்ணீரில் நிறைகிற சின்னக் குளங்களில் ஒன்று, அவ்வளவுதான். பெயரை ஏன் மறைக்கிறேன் என்பது போகப்போகப் புரியும். அதுவுமில்லாமல், உங்களுக்கு வேண்டியது என் குளம் இல்லை, உங்கள் குளம். நெல்லை டவுனில் இருந்தால் நயினார்குளம், புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்தால் வேய்ந்தான்குளம். மதுரைக்காரர்களுக்கு வண்டியூர்க் கண்மாய். கோவைக்காரர்களுக்குச் சிங்காநல்லூர், உக்கடம். ஏரியோ குளமோ இல்லாத ஊர் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

இதில் வைத்தியம் எங்கே இருக்கிறது?

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்தில் ஐவகை நிலமும் அந்தந்த நிலத்தில் வருகிற நோயும் ஒரு பாடம். குறிஞ்சிக்கு இந்த நோய், நெய்தலுக்கு இந்த நோய் என்று வரிசையாகச் சொல்லி, நோய் குறைந்த நிலம் என்று மருதத்தைச் சொல்வார்கள். வயலும் குளமும் வாய்க்காலும் உள்ள நிலம். பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்துபோனேன். கரையில் நின்றபோது ஞாபகம் வந்தது. இன்றைக்கு அந்த மருதத்தில் கொசுவும் சாக்கடையும் சேர்ந்துகொண்டது வேறு கதை!

வெளிநாட்டு ஆராய்ச்சி வேண்டுமா? 1984-ல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்கள் 46 பேரின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறையில் 23 பேர். செங்கல் சுவர் தெரிந்த அறையில் 23 பேர். மரம் பார்த்தவர்கள் கிட்டத்தட்ட முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சும்மா ஜன்னலில் தெரிந்த மரத்துக்கே இவ்வளவு!

கண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. சீனாவின் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தி, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பள்ளிகளில் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வெளியே விட்ட பிள்ளைகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம். மற்றவர்களில் 39.5 சதவீதம். பகல் வெளிச்சம் கண்ணில் படுவதே முக்கியம் என்கிறார்கள். நம் பிள்ளைகளோ டியூஷனில் இருந்து நேராக டி.வி.க்கு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையாவது குளக்கரைக்குக் கூட்டிப்போய், 'நீ இன்னிக்கு என்ன எடுக்கப் போறே?' என்று கேட்டுப் பாருங்கள். என் தம்பி மகன் முதல் நாள் எடுத்தது ஒரு எருமையின் மூக்கு! கிட்டே போய்த்தான் எடுத்திருந்தான். எருமை ஒன்றும் சொல்லவில்லை.

சரி, ஒரு நியாயமான கேள்விக்கு வருவோம். கேமரா வழியாகப் பார்த்தால் கண் பார்ப்பதை மறந்துவிடாதா? மறக்கும்! லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் பேராசிரியை மாணவர்களை ஒரு அருங்காட்சியகத்தைச் சுற்றவிட்டுச் சோதித்தார். போட்டோ எடுத்த பொருள்களைவிட, சும்மா நின்று பார்த்த பொருள்களே மறுநாள் அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. 'கேமரா பார்த்துக்கொள்ளும்' என்று மனசு விட்டுவிடுகிறது. ஆனால் ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் கவனித்து, நெருக்கமாக எடுத்தபோது இந்த மறதி வரவில்லை.

அதனால்தான் நான் 'ஒரே ஒரு படம்' என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். கரைக்குப் போனதும் போனை எடுக்கக்கூடாது. பத்து நிமிடம் வெறும் கண். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று தேடவேண்டும். கண்டுபிடித்த பிறகு அந்த ஒன்றை எடுத்துவிட்டு, போனைப் பையில் போட்டுவிட வேண்டும். ஐம்பது படம் எடுத்து, வீட்டுக்கு வந்து எது நல்லா இருக்கு என்று ஒரு மணி நேரம் தடவிக்கொண்டிருந்தால் கழுத்து வலிதான் மிச்சம். அதற்கும் என்னிடம்தான் தைலம் கேட்டு வருவீர்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை கொடைக்கானல் ஏரிக்குப் போய் நானூறு படம் எடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. போய் வாருங்கள். ஆனால் அங்கே எல்லாமே புதுசு. புதுசாக இருப்பதால் எல்லாம் அழகு. பழகிய இடத்தில் அழகைத் தேடுவதற்குத்தான் கவனம் வேண்டும். ஒரே நோயாளியின் நாடியைத் தினமும் பார்க்கிற வைத்தியனுக்கு, ஒருநாள் ஏற்படுகிற சின்ன மாற்றமும் விரலில் பட்டுவிடும். குளமும் அப்படித்தான்.

என் போனில் இருக்கிற படங்களைத் தேதி வாரியாகத் தள்ளிப் பார்த்தால் ஒரு வருஷம் எப்படிச் சுற்றுகிறது என்று தெரியும். வைகாசிக் கடைசியில் குளம் வெடித்துக் கிடக்கும். நடுவில் ஒரு குட்டை, அதில் பிள்ளைகள் மீன் பிடிப்பார்கள். கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறந்த பிறகு ஒருநாள் காலையில் வாய்க்கால் முகத்தில் ஈரம் தெரியும். அந்த ஈரத்தைப் படம் எடுத்த அன்று, ஏதோ வீட்டில் குழந்தை பிறந்த மாதிரி இருந்தது எனக்கு. ஆடிக் காற்றில் தண்ணீர் முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக ஓடும். ஒரு படமும் தெளிவாக வராது. ஐப்பசி, கார்த்திகையில் குளம் பெருகும். பிசான நாற்றங்காலின் அந்தப் பச்சை இருக்கிறதே, அது எந்தப் போனிலும் சரியாக விழுவதில்லை. மார்கழி, தையில் பறவைகள். நாமக்கோழி, முக்குளிப்பான், நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன்... முதல் வருஷம் எனக்கு எல்லாமே 'கொக்கு'தான்! தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011-ல் இருந்து ஜனவரி மாசம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் ஒருமுறை போய் நின்றுதான் பெயர்களைக் கற்றுக்கொண்டேன். ஐம்பது வயசுக்கு மேல் புதிதாகப் பத்துப் பெயர் கற்றுக்கொண்டால் மனசுக்கு எவ்வளவு தெம்பு தெரியுமா?

செடிகளிலும் அப்படித்தான். வல்லாரை, பொடுதலை, கரிசாலை எல்லாம் தெரிந்தவை. ஆனால் 'ஆகாயத்தாமரை' என்று ஜனங்கள் சொல்கிற ஊதாப் பூச்செடி நம் நூல்களில் உள்ள ஆகாயத்தாமரை இல்லை. நூலில் உள்ளது, முட்டைக்கோஸ் மாதிரி அடுக்கிய இலையோடு மிதக்கும் சின்னச் செடி. ஊதாப் பூ பூப்பது தென் அமெரிக்காவில் இருந்து வந்த வெங்காயத்தாமரை. என் படங்களில் அது ஒரு மூலையில் தட்டு அளவுக்கு இருந்தது. பத்துப் பன்னிரண்டு படம் தள்ளினால் பாய் அளவு. சாக்கடைச் சத்து கிடைத்தால் அது அப்படித்தான் கொழுக்கும். இந்த மாதிரிக் குளத்தில் பொன்னாங்கண்ணி எவ்வளவு தளதளவென்று இருந்தாலும் பறித்துச் சமைத்துவிடாதீர்கள். படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், என் பேச்சைக் கேட்டு ஒரு வருஷம் தவறாமல் நடந்தார், படம் எடுத்தார். நாலு கிலோ குறைந்தது, முகம் தெளிந்தது. 'இனிமே எனக்கு என்ன?' என்று பி.பி. மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டார். ஒருநாள் கரையிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, ஆடு மேய்க்கிறவர் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் ஊரே கேட்கிற மாதிரி திட்டினேன். ஏற்கெனவே மாத்திரை கொடுத்த ஆங்கில மருத்துவரிடமே அனுப்பி வைத்தேன். குளமும் படமும் எந்த மருந்துக்கும் பதில் இல்லை. அதேபோல, வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வருகிறவர்கள் முதலில் போகவேண்டியது மனநல மருத்துவரிடம். குளக்கரைக்குத் தனியாகப் போகவே கூடாது.

இனி, நான் சொல்லத் தயங்கிய விஷயம்.

எங்கள் குளத்துக்கு ஒரு மறுகால் உண்டு. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அது வழியாகத்தான் வெளியேறி அடுத்த குளத்துக்குப் போகும். 2022 ஐப்பசியில் இருந்து அதன் வாயில் யாரோ கட்டட இடிபாடுகளைக் கொட்ட ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு குவியல். பிறகு இரண்டு. பிறகு அது மேடாகி, மேல் பகுதி சமமாகி, வண்டி நிறுத்துகிற இடமாகிவிட்டது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? என் படங்களில் இருக்கிறது! நாரையை எடுத்தால் பின்னால் ஒரு மூலையில் குவியல். விடியலை எடுத்தால் அடியில் குவியல். படம் கெடுகிறதே என்று நான் நிற்கிற இடத்தைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டேன். ஆமாம், தள்ளித்தான் நின்றேன். பதினாலு மாசம்!

2023 டிசம்பர் 17, 18. அந்த மழையை நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி இரண்டு கரையும் தெரியாமல் ஓடியது. அவ்வளவு மழைக்கு மறுகால் சுத்தமாக இருந்திருந்தாலும் தண்ணீர் வந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பகுதியில் அது தாழ்ந்த தெருவுக்குள் திரும்பி நின்று, வடிய நாலு நாள் ஆனதற்கு அந்த மேடு ஒரு காரணம். அந்தத் தெருவில் என் நோயாளி ஒரு பாட்டி. மூட்டுவாதம். குச்சி ஊன்றி என்னிடம் வருவார். இரண்டு ராத்திரி ஈரப் புடவையோடு பக்கத்து வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு அவர் என்னிடம் நடந்து வரவில்லை. நான்தான் போய்ப் பார்த்தேன். அடுத்த சித்திரையில் போய்ச் சேர்ந்தார்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அவருக்கு என் படங்களைப் பற்றித் தெரியாது.

அந்தப் படங்களில் இருபத்தெட்டை எடுத்து, தேதியோடு அச்சுப் போட்டு, தெருக்காரர்கள் ஏழு பேர் கையெழுத்துடன் ஒரு அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். முதல் தடவை, 'இது எந்தத் துறையில வருதுன்னு பாக்கணும்' என்றார்கள். மூன்றாவது தடவையில் ஒருவர் படங்களை மேஜை மேல் பரப்பி, தேதியைப் பார்த்துப் பார்த்து அடுக்கினார். பிறகு எதுவும் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து மண்வெட்டி இயந்திரம் வந்தது. பாதி மேடு போயிற்று. மீதிப் பாதி இன்றைக்கும் இருக்கிறது.

ஆகவே, போட்டோ எடுக்கச் சொல்கிற மற்றவர்கள் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். அழகாக இருப்பதை மட்டும் எடுக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது கரையின் அசிங்கமான பக்கம் போய் நில்லுங்கள். மடை, மறுகால், சாக்கடை சேர்கிற இடம், குப்பை கொட்டுகிற இடம். மனசு சங்கடப்படும். படட்டும். நாக்கை நீட்டச் சொல்லி, மலம் எப்படிப் போகிறது என்று கேட்டு, சிறுநீரில் எண்ணெய் விட்டுப் பார்க்கிற தொழில் எங்களுடையது. முகம் களையாக இருக்கிறதே என்று மருந்து எழுதாமல் அனுப்பினால் எப்படி?

சில எச்சரிக்கைகள் மட்டும் சொல்லிவிடுகிறேன். படித்துறையில் குளிக்கிறவர்கள் பக்கம் போனைத் திருப்பவே கூடாது. சூரியனை நேராக வெறித்துப் பார்க்கக் கூடாது. கூட்டுக்குக் கிட்டே போகாதீர்கள். பறவை முட்டையை விட்டுப் போய்விடும். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் பயம் உண்டு. ஷுகர்காரர்கள் செருப்பு இல்லாமல் கரைக்குப் போகவே வேண்டாம். புதிதாகப் பெரிய கேமரா எதுவும் வாங்கவேண்டியதில்லை. வாங்கினால் ஒரு மாசம் அதைத்தான் பார்ப்பீர்கள், குளத்தைப் பார்க்கமாட்டீர்கள்!

அந்த அம்மா என்ன ஆனார் என்கிறீர்களா? வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். முதல் பத்துப் படத்தில் எட்டில் அவருடைய பெருவிரல் இருந்தது. இப்போது மூன்று மாசம் ஆகிறது. ராத்திரி விழிப்பு முழுக்க நிற்கவில்லை. "ரெண்டு மணிக்கு முழிச்சாலும், நாளைக்கு என்ன எடுக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே எப்பவோ ஒறங்கிருதேன் சார்" என்கிறார்.

நேற்றுச் சாயங்காலம் வைத்தியசாலைக்கு வந்து, போனை என் மேஜையில் வைத்தார். பெருவிரல் இல்லாத சுத்தமான படம். மறுகால் பக்கம், அந்த மீதி மேட்டின் ஓரமாக, புதிதாக ஒரு லாரி மண்.

"இது இன்னிக்குக் காலையில எடுத்தது. நேத்து அங்க இல்ல. நேத்துப் படமும் இருக்கு, பாருங்க" என்றார்.

நாளைக் காலை ஆறரைக்கு அந்த அம்மா, நான், பழைய பஸ் டிரைவர், தெருக்காரர்கள் நாலு பேர் அங்கே போகிறோம். பேரனையும் கூட்டிவருகிறாராம். போன் அவன் கையில்தான் இருக்குமாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.